கீறினதை வாசிச்சுக் காட்டுங்கோ

கூட்டம் என்றால் எங்கட தலைமுறைக்குத் தெரிந்த காட்சி ஒன்றுதான். முன்னுக்கு ஒரு மேசை, மேசையில் தண்ணீர்ப் போத்தல்கள், பின்னால் ஒரு பனர், பக்கத்தில் பவர்பொயின்ற். மூன்று மணித்தியாலம் பேசுவார்கள். பிறகு மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலோடு எல்லாரும் கலைவார்கள். பேசினதில் என்ன மிஞ்சியது என்று கேட்டால் அறிக்கை வரும் என்பார்கள். அறிக்கை வரும்போது கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கூட்டமே மறந்திருக்கும்.

கடந்த ஒன்றரை வருடமாக நாங்கள் மூன்று பேர் இப்படியான கூட்டங்களின் ஓரத்தில் நின்று வேறொரு வேலை பார்க்கிறோம். சுவரில் நாலைந்து டிமைத் தாள்களை நீளமாகச் சேர்த்து ஒட்டுவோம். கையில் கறுப்பு மாக்கர் ஒன்று, நிறம் இரண்டு. பேசுபவர்கள் பேசப் பேச, கேட்டதைப் படமாகவும் இடையிடையே சொற்களாகவும் கீறிக்கொண்டு போவோம். கூட்டம் முடியும்போது படமும் முடிந்திருக்கும். ஆங்கிலத்தில் லைவ் இலஸ்ட்ரேஷன் என்றும் கிராஃபிக் ரெக்கோர்டிங் என்றும் சொல்கிறார்கள். எங்களுக்குள் ‘கூட்டம் கீறுறது’ என்போம். கம்பஸ் சுவர்ப்பத்திரிகைக்குப் படம் போட்டுப் பழகின கைகள்தான். மூன்று பேரும் கலைப்பீடம், ஆனால் ஒருவரும் சித்திரம் ஒரு பாடமாகப் படிக்கவில்லை.

இந்த வேலைக்கு ஒரு வரலாறு இருப்பது பிறகுதான் தெரிந்தது. 1970களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோப் பக்கம், கூட்டங்களில் பெரிய தாள்களில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரிக் குறிப்பெடுக்கும் பழக்கம் தொடங்கியது. டேவிட் சிபெட் என்பவர் 1977இல் அதற்கென்றே ஒரு நிறுவனம் ஆரம்பித்தார். 2010இல் இங்கிலாந்தின் ஆர்எஸ்ஏ அமைப்பு, வெள்ளைப் பலகையில் கை ஓடி ஓடிக் கீறுகிற வீடியோக்களை யூடியூப்பில் போட்டது. அவை உலகம் முழுக்கப் பரவின.

ஆனால் எங்களைப் பிடித்துக்கொண்டது இன்னொரு கிளைக்கதை. 1990களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் ஜாக் பியர்பொயின்ற், மார்ஷா ஃபொரெஸ்ட், ஜோன் ஓபிரையன் ஆகியோர் ‘பாத்’ என்ற ஒரு முறையை உருவாக்கினார்கள். மாற்றுத்திறன் உள்ள ஒருவரையும் அவருடைய ஆட்களையும் ஒரு பெரிய தாளின் முன்னால் இருத்தி, அவருடைய கனவு என்ன, அடுத்த வருடம் என்ன நடக்கவேண்டும், நாளைக்கு யார் என்ன செய்வது என்று கேட்டு, ஒருவர் பேச்சை நடத்த இன்னொருவர் கீறுவது. கோப்பில் அடைபட்டு அதிகாரியின் மேசையில் கிடக்கும் ஒருவருடைய வாழ்க்கை, அவருடைய கண்முன்னால் சுவரில் ஏறுகிறது. பிழையாகக் கீறினால் அங்கேயே “அப்பிடி இல்லை” என்று சொல்லலாம். ஆகவே சுவர்த்தாளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இடையிலுள்ள உறவு புதிதல்ல.

எங்களுக்கு வந்த அழைப்பு, நூதனசாலைகளைப் பற்றியது. வடக்கில் ஒரு சிறு நகரத்தில் ஒரு நாள் கலந்துரையாடல்: நூதனசாலைகளுக்கு மாற்றுத்திறனாளிகள் ஏன் வருவதில்லை, வந்தால் என்ன நடக்கிறது. நாற்பது பேரளவில் வருவார்கள், நீங்கள் வந்து கீறித் தருவீங்களா என்று கேட்டார்கள். ஓம் என்றோம். அதற்கு முதல் ஒரு ஆயத்தக் கூட்டம் இருந்தது. அதில்தான் அந்த அக்காவைச் சந்தித்தோம். ஆசிரியை. பிறவியிலேயே கண்பார்வை இல்லை. நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று ஏற்பாட்டாளர் விளக்கி முடிய அவ கேட்டா:

“சரி தம்பி தங்கச்சி, நல்ல விசயம். நீங்கள் கீறுறதால எனக்கு என்ன லாபம்?”

ஒருவரும் பேசவில்லை. அவ கோபமாகக் கேட்கவில்லை, சந்தையில் விலை கேட்கிற மாதிரித்தான் கேட்டா. எல்லாரையும் உள்ளே எடுக்கிறோம் என்று கூட்டம் வைத்து, அந்தக் கூட்டத்தின் மிக அழகான பொருளைக் கண் தெரிகிற ஆட்களுக்கு மட்டும் செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறதல்லவா? கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்துவிட்டு ‘தொடாதீர்கள்’ என்று எழுதுகிற நூதனசாலையும் நாங்களும் அந்த இடத்தில் ஒன்றுதான்.

அவவே ஒரு வழியும் சொன்னா. “முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நிப்பாட்டி, கீறினதை வாசிச்சுக் காட்டுங்கோ. என்ன இருக்கு, எங்க இருக்கு, எவ்வளவு பெரிசு எண்டு. வடிவா இருக்கு எண்டு மட்டும் சொல்லவேண்டாம்.”

அப்படியே செய்தோம். ஒருவர் கீற, ஒருவர் சொற்களைக் கவனிக்க, மூன்றாமவர் வாசிப்புக்குக் குறிப்பெடுக்க. முக்கால் மணித்தியாலம் ஆனதும் பேச்சு நிற்கும். “தாளின்ர இடப்பக்கம் ஒரு வாசல். வாசலுக்கு முன்னால நாலு படி. படிக்குக் கீழ மூண்டு பேர் நிக்கினம், ஒராள் வீல்செயாரில, ஒராள் ஊன்றுகோலோட, ஒராள் குழந்தையை வச்சுத் தள்ளுற வண்டியோட...” என்று வாசிப்போம்.

அக்காவுக்காகத் தொடங்கிய இந்த வாசிப்பு, கடைசியில் எல்லாருக்குமானதாக மாறியது. கண் தெரிகிறவர்களும் அப்போதுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தார்கள். வாசித்து முடிய ஒவ்வொருவராகச் சேர்க்கத் தொடங்கினார்கள். வீல்செயாரில் வந்த அண்ணை ஒருவர், “படி பக்கத்தில ஒரு சரிவுப்பாதையும் போடுங்கோ. ஆனா நீளமாப் போடுங்கோ” என்றார். ஏன் என்று கேட்டோம். கணக்கைச் சொன்னார். பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட சாய்வு 1:12. ஒரு படி 15 சென்ரிமீற்றர் என்றால் நாலு படிக்கு 60. அதற்கு 7.2 மீற்றர் நீளத்தில் சரிவு வேண்டும். “எங்கட ஆக்கள் ரெண்டு மீற்றரில சீமெந்து பூசிப்போட்டு, சரிவுப்பாதை கட்டியாச்சு எண்டு படம் எடுப்பினம். அதில ஏறினா நான் பின்னுக்கு விழுவன்.” அந்த 7.2 மீற்றர் எங்கட தாளில் ஒரு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போனது. பிறகு அன்று முழுக்க யார் சரிவுப்பாதை பற்றிப் பேசினாலும் “பாம்பு மாதிரி” என்றுதான் சொன்னார்கள்.

அன்று தாளில் ஏறிய வேறு சில விசயங்களையும் சொல்லவேண்டும். நின்றுகொண்டு பார்ப்பவரின் கண்மட்டத்துக்கு வைத்த பேழைகள், இருந்துகொண்டு பார்ப்பவருக்குக் கூரையைத்தான் காட்டும். எழுத்துப் பலகைகளில் சின்ன எழுத்து, மங்கல் நிறம். வழிகாட்டி நடந்துகொண்டு, திரும்பி நின்று பேசுவார். உதடு பார்த்து விளங்கிக்கொள்கிறவருக்கு முதுகு மட்டும் தெரியும். ஓட்டிசம் உள்ள மகனின் அம்மா ஒருவர், சனமில்லாத ஒரு மணித்தியாலம் தந்தால் போதும் என்றார். அவர் சலுகை கேட்கவில்லை, நேரம் கேட்டார். அதை ஒரு மணிக்கூடாகக் கீறினோம்.

தொடுவது பற்றி நீண்ட பேச்சு நடந்தது. தொட்டால் பழுதாகும் என்பது உண்மைதான், எல்லாவற்றையும் தொடவிட முடியாது. ஆனால் இத்தாலியின் அங்கோனாவில் மூசெயோ ஒமெரோ என்று ஒரு நூதனசாலை 1993இலிருந்து இருக்கிறது. அல்டோ கிராசினி, டானியெலா பொட்டெகோனி என்ற பார்வையற்ற தம்பதியின் யோசனையில் உருவானது. புகழ்பெற்ற சிற்பங்களின் அச்சு வார்ப்புகளையும் அசல் சிற்பங்களையும் அங்கே கையால் தடவிப் பார்க்கலாம். பக்கத்தில் டில்லித் தேசிய அருங்காட்சியகத்தில் 2015இல் ‘அனுபவ்’ என்ற பகுதி திறந்து, சேகரிப்பில் உள்ள சில பொருட்களின் பிரதிகளைத் தொடுவதற்கென்று வைத்தார்கள். பிரதி செய்யலாம், மண்ணில் வார்க்கலாம், அச்செடுக்கலாம். கையுறை தேவையில்லாத உடைந்த ஓட்டுத்துண்டு ஒன்றைக்கூடக் கையில் கொடுக்கலாம். அக்கா சொன்னது: “நான் இவ்வளவு காலமும் நூதனசாலையில தொட்டது கண்ணாடியை மட்டும்தான்.”

சட்டம் ஒன்றும் குறைவில்லை. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களின் அணுகல் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. வீல்செயார் பாவித்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2011இல் உயர் நீதிமன்றம் அந்த விதிகளை நடைமுறைப்படுத்தச் சொன்னது. ஐ.நா. சாசனத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அந்தச் சாசனத்தின் 30ஆவது உறுப்புரை கலாசார வாழ்க்கையில் பங்குபற்றும் உரிமையைப் பேசுகிறது. நூதனசாலை என்ற சொல்லே அதில் வருகிறது. 2022இல் பிராகா நகரில் ஐகொம் என்ற சர்வதேச நூதனசாலைகள் பேரவை புதிய வரைவிலக்கணம் ஒன்றை ஏற்றபோது, நூதனசாலை அணுகக்கூடியதாகவும் எல்லாரையும் உள்ளடக்கியதாகவும் இருக்கவேண்டும் என்று அதற்குள் எழுதியது. 2012 குடிசன மதிப்பீட்டில் எங்கட நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலுமானவர்களில் 8.7 வீதமானோர் ஏதோவொரு இயலாமையோடு வாழ்வதாகப் பதிவு. இவ்வளவையும் ஒரு தாளில் கீறலாம். கீறினோம். சட்டப் புத்தகங்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கினோம். பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், “அந்தப் புத்தகங்களை அடுக்கி, அதில ஏறி உள்ள போகலாம்போல கிடக்கு” என்றார். சபை சிரித்தது. அந்தப் பகிடியையும் எழுதிக்கொண்டோம்.

கீறுவதில் கஷ்டமானது ஆட்களைக் கீறுவது. தமிழில் இதற்கு ஒரு சொல்லில் நாங்கள் இன்னும் நிற்கவில்லை. ஊனமுற்றோர், வலுவிழந்தோர், விசேட தேவையுடையோர், மாற்றுவலுவுள்ளோர், மாற்றுத்திறனாளிகள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சண்டை உண்டு. படத்தில் சொல் தேவையில்லையே என்று நினைக்கலாம். ஆனால் படத்தில் ஒரு உடம்பைத் தெரிவுசெய்தாக வேண்டும். கை எங்கே இருக்கிறது? தலை குனிந்தா நிமிர்ந்தா? பின்னால் ஒருவர் தள்ளுகிறாரா? அந்தத் தெரிவுகளுக்கு ஒரு இலச்சினையின் கதையைத்தான் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

நீலப் பின்னணியில் வெள்ளை வீல்செயார், எல்லாருக்கும் தெரியும். 1968இல் டென்மார்க்கைச் சேர்ந்த சூசன் கோஃபூட் என்ற மாணவி வரைந்தது. அவர் வரைந்ததில் ஆளின் தலை இல்லை, கதிரை மட்டும்தான். தலைக்கு ஒரு வட்டத்தைப் பிறகுதான் சேர்த்தார்கள். 2010 அளவில் அமெரிக்காவின் பொஸ்டனில் சாரா ஹென்ட்ரென், பிரையன் கிளெனி என்ற இருவர், தெருவில் இருந்த அந்தப் பலகைகளின் மேல் புதிய படம் ஒன்றை ஒட்டிக்கொண்டு போனார்கள். அதில் ஆள் முன்னுக்குச் சாய்ந்து தானே சில்லைத் தள்ளிக்கொண்டு போகிறார். இப்போது அந்தப் படம் நியூயோர்க்கின் நவீன கலை நூதனசாலையின் சேகரிப்பில் இருக்கிறது. ஒரு வட்டமும் ஒரு சாய்வும் எவ்வளவு பேசுகின்றன பாருங்கள்!

அதனால் எங்களுக்கென்று சில விதிகள் வைத்தோம். யாரைக் கீறினாலும் அவர் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் கிடையாது, கண்ணீர்த்துளியும் கிடையாது. ஒருவரை அடையாளம் தெரியும்படி கீறுவதென்றால் முதலில் கேட்பது: “உங்களை எப்பிடிக் கீற?” இந்தக் கேள்விக்கு வந்த பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு கட்டுரைக்குக் காணும். “என்ர கைப்பையையும் போடு” என்றா ஒரு அம்மா. “வயிறைக் கொஞ்சம் குறை” என்றார் ஒரு மாமா.

இன்னொருவர் சொன்னதை நாங்கள் மறக்கமாட்டோம். ஐம்பது வயதிருக்கும். யுத்தத்தில் ஒரு கால் போனவர். காலையிலிருந்து பேசவில்லை. பின்னேரம், நூதனசாலைக்குள் மாற்றுத்திறனாளிகளின் கதைகள் எங்கே இருக்கின்றன என்ற பேச்சு வந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-2004இல் பிரித்தானிய நூதனசாலைகளில் இதைத்தான் தேடினார்கள். இயலாமையோடு தொடர்புள்ள பொருட்கள் சேகரிப்புகளில் நிறையவே இருந்தன. ஆனால் காட்சியில் அவற்றுக்கு இடமில்லை, இருந்தாலும் அந்தத் தொடர்பு பார்வையாளருக்குச் சொல்லப்படவில்லை. அடிக்குறிப்புகளுக்குள் புதைந்திருப்பதாக அந்த ஆய்வின் தலைப்பே சொல்கிறது. இதை ஒருவர் விளக்கி முடிய, அவர் கையைத் தூக்கினார்.

“என்ர முதல் ஜெய்ப்பூர் கால் வீட்டில கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில கிடக்கு. தேஞ்சுபோச்சு. அதில நான் வயலுக்குப் போனன், கலியாணம் கட்டினன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தன். ராசாவின்ர வாளை வச்சிருக்கினம் எண்டா இதையும் வைக்கலாம்தானே?”

எப்படிக் கீறுவது என்று கேட்டோம். யோசித்தார். “காலை மட்டும் கீறு. கண்ணாடிப் பெட்டி வேண்டாம். பக்கத்தில வயலைப் போடு.” அப்படியே கீறினோம். சேறு அப்பிய ஒரு கால், பக்கத்தில் நெல். பொறுப்பாளர்களாக வந்திருந்தவர்களில் ஒருவர் கனநேரம் அதன் முன்னால் நின்றார். எங்கட பகுதியில் இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை பழைய கால்கள், ஊன்றுகோல்கள் கிடக்கின்றன! எங்கட சமீபத்திய வரலாறு ஒருவேளை அங்கேதான் கிடக்கிறது. அவற்றைக் குப்பைக்குப் போகமுதல் யார் சேர்ப்பது?

இந்த வேலையை நாங்கள் பெரிதாக்கிக் காட்டவும் விரும்பவில்லை. படம் ஒரு அலங்காரமாக முடிகிற ஆபத்து எப்போதும் உண்டு. கூட்டம் முடிய எல்லாரும் தாளின் முன்னால் நின்று படம் எடுப்பார்கள், அது பேஸ்புக்கில் போகும். பிறகு தாள் சுருட்டப்பட்டு ஒரு அலுமாரிக்கு மேல் ஏறும். படியும் அங்கேயே இருக்கும், பேழையும் அங்கேயே இருக்கும். வடிவான படம் ஒன்று கிடைத்துவிட்டால் வேலை நடந்ததுபோல ஒரு திருப்தி வந்துவிடுகிறது. அதனால் தாளின் கடைசிப் பகுதியை எப்போதும் வெறுமையாக விட்டுவைக்கிறோம். கடைசி அரை மணித்தியாலத்தில் அதில் படம் இல்லை, மூன்று நிரல்கள் மட்டும்: என்ன செய்வது, ஆர் செய்வது, எப்ப முடியும். பெயர் சொல்லாமல் ஒரு வேலையும் அதில் ஏறாது. படத்தை வாசித்ததை ஒலிப்பதிவு செய்து வட்ஸப் குழுவில் போடுகிறோம். முதல் கூட்டத்தின் பதிவு பதினொரு நிமிசம். அக்கா அதைத் தன் நண்பர்கள் எல்லாருக்கும் அனுப்பினதாகச் சொன்னா. அந்த நிரல்களில் ஏறிய வேலைகளில் இரண்டு நடந்திருக்கின்றன. ஒரு சிறிய காட்சிக்கூடத்தில் பதிவான மேசை ஒன்றில் தொடக்கூடிய ஆறு பொருட்கள் வைத்திருக்கிறார்கள். எழுத்துப் பலகைகளைப் பெரிய எழுத்தில் மாற்றியிருக்கிறார்கள். சரிவுப்பாதை இன்னும் வரவில்லை. அதற்குப் பொறுப்பெடுத்தவருக்கு நாங்கள் மாதம் ஒருக்கால் அந்தப் பாம்புப் படத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது கூட்டத்தில் இன்னொரு கேள்வி வந்தது. மாக்கர் ஏன் எப்போதும் எங்கட கையில்? ஐ.நா. சாசனத்தின் அதே 30ஆவது உறுப்புரை, மாற்றுத்திறனாளிகள் தங்களுடைய படைப்பாற்றலை வளர்த்துப் பயன்படுத்த வாய்ப்பு வேண்டும் என்றும் சொல்கிறது, அவர்களுக்காக மட்டுமன்றிச் சமூகத்தின் வளத்துக்காகவும். காது கேளாத தம்பி ஒருவன், எங்களைவிட நல்லாகக் கீறுவான். அந்த முறை அவன் கீறினான், நாங்கள் நிறம் போட்டுக்கொடுத்தோம்.

அப்போது ஒன்று தெரிந்தது. அவன் சைகைமொழி உரைபெயர்ப்பாளரைப் பார்க்கும்போது தாளைப் பார்க்க முடியாது. தாளைப் பார்க்கும்போது பேச்சைப் ‘பார்க்க’ முடியாது. நாங்கள் காதால் கேட்டுக்கொண்டே கீறுவோம், அவனுக்கு அது இல்லை. எனவே பேசுபவர்கள் இரண்டு மூன்று வசனத்துக்கு ஒருக்கால் நிற்கவேண்டி வந்தது. முதல் பத்து நிமிசம் எல்லாருக்கும் சங்கடம். ஒரு விரிவுரையாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அந்த இடைவெளிகளில் மற்றவர்களும் யோசிக்கத் தொடங்கினார்கள். கற்றல் இடர்பாடு உள்ள பிள்ளை ஒன்று, வழக்கமாகக் கூட்டங்களில் அம்மாவின் பின்னால் இருப்பவள், முதல்முறை கேள்வி கேட்டாள். பேச்சு மெதுவானதால்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. அன்று நிகழ்ச்சிநிரலில் இருந்த ஏழு பேச்சில் நாலுதான் முடிந்தது. ஏற்பாட்டாளருக்குக் கொஞ்சம் கவலை. எங்களுக்கு இல்லை.

அடுத்த கூட்டம் வைகாசியில். இரண்டு கூட்டம் கீறினதில் பழகின சிலதை, கீற விருப்பமுள்ள உங்களுக்காகச் சொல்லிவைக்கிறோம். தாளைச் சுவரின் பாதி உயரத்தில் ஒட்டுங்கோ, இருக்கிறவைக்கும் எட்டவேண்டும். கறுப்பு மாக்கரே போதும், மஞ்சளில் எழுதினால் பின்வரிசைக்குத் தெரியாது. மணம் கூடின மாக்கர் சிலருக்கு ஒத்துவராது, முதலே கேளுங்கோ. வாசிக்கிற நேரத்தை நிகழ்ச்சிநிரலிலேயே எழுதச் சொல்லுங்கோ, இல்லாவிட்டால் தேநீர் இடைவேளை அதை விழுங்கிவிடும். மாற்றுத்திறனாளி ஒருவர் கீறவந்தால் அவருக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே காசு.

நல்லாகக் கீறத் தெரியவேண்டும் என்றில்லை. குச்சி மனிதர் போதும். நல்லாக வாசிக்கத் தெரிந்த ஒருவர்தான் இப்போது எங்களுக்கு அவசரமாகத் தேவை. எங்களில் வாசிக்கிறவளுக்கு வைகாசியில் சோதனை.